‘உண்டி கொடுத்தோர்’ வரி திருக்குறள் இல்லை

“உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே” என்ற வரி, திருவள்ளுவர் படத்தோடு திருக்குறள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு. 1330 குறளிலும் இந்த வரி கிடையாது.

இது புறநானூறு 18ஆம் பாடல். பாடியவர் குடபுலவியனார். மறுமைச் செல்வமும் நிலைத்த புகழும் வேண்டுமானால் நீர்நிலைகளைப் பெருக்கு என்று பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நேருக்கு நேர் சொல்கிறார். இந்த வரிக்கு அடுத்து, உணவென்பதே நிலமும் நீரும்தான் என்று விளக்குகிறார். எவ்வளவு அழகான வாதம்! வரியை மட்டும் பிய்த்துப் பகிர்ந்தால் இதெல்லாம் போய்விடுகிறது. அப்புறம், சாத்தனாரும் மணிமேகலையில் இதே வரியை எடுத்தாள்கிறார்.

தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இரண்டு நூல்களும் உரையோடு இருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம். அந்தப் படம் வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்குப் பாடல் எண்ணைச் சொல்லுங்கள்.