வண்டியே இல்லையாம்!

மூன்று நாட்களாக எல்லாருடைய பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வீடியோவை நான் பகிரப் போவதில்லை. பள்ளிச் சீருடையில் மூன்று பையன்கள், அந்தச் சிவப்பு பேட்டரி ஸ்கூட்டர், அது மோதிய, திருப்பத்தில் பூக்கூடையோடு நின்றிருந்த அந்த அம்மாள். பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தாகிவிட்டது. பையன்களின் முகத்தைக்கூட மறைக்காமல் பரப்புகிறவர்கள்மேலும் எனக்குக் கோபம்தான். அது தனிக் கச்சேரி, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு வயிறு எரிந்தது வீடியோவால் அல்ல, அதன் கீழே பையன்களில் ஒருவனின் தந்தை எழுதியிருந்த விளக்கத்தால். “அது மோட்டார் வாகனமே கிடையாது. லைசென்ஸ் வேண்டாம், ஹெல்மெட் வேண்டாம், பதிவு வேண்டாம். சட்டம் தெரியாதவர்கள் பேச வேண்டாம்.” அதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு. “நெத்தியடி சார்” என்கிறார் ஒருவர். பூக்காரம்மாளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டவர் யாராவது உண்டா என்று கீழே கீழே போய்த் தேட வேண்டியிருந்தது.

சரி சார், சட்டமே பேசுவோம்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் அந்த விலக்கு இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். பேட்டரியைக் கழித்துவிட்டு எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. இவற்றைப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போல அரசு ஏற்றுக்கொண்ட சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். இத்தனையும் இருந்தால்தான் அது மோட்டார் வாகனம் அல்ல. ஒன்று தவறினாலும் அது மோட்டார் வாகனம். பதிவு வேண்டும், லைசென்ஸ் வேண்டும், காப்பீடு வேண்டும், தலையில் ஹெல்மெட் வேண்டும்.

இப்போது வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். மூன்று பேரைச் சுமந்துகொண்டு அந்த ஸ்கூட்டர் ஓர் ஆட்டோவை முந்துகிறது. ஆட்டோ ஒன்றும் சவாரி தேடி ஊர்ந்துகொண்டிருக்கவில்லை. 250 வாட் மோட்டார் மூன்று பேரோடு அதை முந்துகிறது என்றால், அந்த மோட்டாரைத் தயாரித்தவருக்கு விருது கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வண்டி 25-ல் ஓடும் வண்டி இல்லை. இரண்டில் எது என்று சார் சொல்லட்டும்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். 25-க்குள் ஓடுகிற வண்டிக்குத்தான் விலக்கு. “25” என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்த வண்டிக்கு அல்ல.

இது எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக. போன ஆண்டு என் நாத்தனார் தன் மகளுக்கு ஒன்று வாங்க வேண்டும் என்றதால் ஒரு ஷோரூமுக்குத் துணைக்குப் போனேன். பெண் அப்போதுதான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். விற்பனையாளர் தம்பி நல்ல மாதிரிதான், உட்காரவைத்து மோர் கொடுத்தார். பிறகு இருக்கையைத் தூக்கி, அடியில் இருந்த மூடியைக் கழற்றி, ஒயர்க் கொத்துக்குள் விரலை விட்டு இரண்டு வெள்ளை ஒயர்களை வெளியே இழுத்துக் காட்டினார். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கிளிப் அவற்றை இணைத்திருந்தது. “இதைப் பிரித்துவிட்டால் நாற்பத்தைந்து வரை போகும் அக்கா. டெலிவரி கொடுக்கும்போது நாங்களே பிரித்துக் கொடுத்துவிடுவோம். யாராவது நிறுத்திக் கேட்டால் மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள், பாப்பாவே செய்துவிடும்.”

பாப்பாவே செய்துவிடும்! அவ்வளவுதான் நம் நாட்டின் வேகக் கட்டுப்பாடு. நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள், “எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள் அண்ணி” என்றாள். கடைசியில் வாங்கவில்லை. என் அறிவுரைக்காக அல்ல, அவள் மகள் கேட்ட நிறம் இருப்பில் இல்லை.

25 என்றால் நொடிக்கு ஏழு மீட்டர். 45 என்றால் பன்னிரண்டரை மீட்டர். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்று அந்தப் பையன்களின் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. மூன்று மடங்குக்கும் மேல். அந்தக் கிளிப்பைப் பிரிக்கும்போது பிரிவது இதுதான். பிரேக்கும் டயரும் மட்டும் பழையபடி 25-க்கானவையாகவே இருக்கும்.

“உனக்கு மின்சார வண்டியே பிடிக்காது, பெட்ரோல் கம்பெனியின் ஆள்” என்று நேற்றே ஒருவர் உள்பெட்டியில் வந்து கண்டுபிடித்துச் சொன்னார். ஐயா, நான் ஓட்டுவதே மின்சார ஸ்கூட்டர்தான். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. ஓசூரில் செய்த வண்டி. மைதானத்தில் எட்டு போட்டு வாங்கிய லைசென்ஸ். முதல் தடவை ஓரிடத்தில் கால் தரையில் பட்டுவிட்டது என்று, “மறுபடி பழகிவிட்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பினார்கள். போனேன், பழகினேன், திரும்ப வந்தேன். அந்த எட்டைப் போடாமல், அதே வேகத்தில், அதே சாலையில், என் பக்கத்தில் ஒரு பதின்மூன்று வயதுப் பையன் வருவான். அவனிடம் எந்த விதியையும் யாரும் கேட்பதில்லை. நான் மட்டும் ஹெல்மெட் பட்டை போடவில்லை என்றால் ஆயிரம் ரூபாய்.

என் அப்பாவிடம் ஒரு டிவிஎஸ் 50 இருந்தது. மேட்டில் ஏறும்போது அம்மாவை இறங்கி நடக்கச் சொல்லும் வண்டி. அதற்கு நம்பர் பலகை உண்டு, ஆர்.சி. புத்தகம் உண்டு, காப்பீடு உண்டு. அப்பா அந்தத் தாள்களை ஒரு மஞ்சள் பையில் வைத்து, பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். அதற்கு வேண்டியிருந்த நம்பர், அதைவிட வேகமாக ஓடும் இதற்கு ஏன் வேண்டாம்? புகை வராததாலா?

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்குத் தெரியும்.

மார்கழி. விடிவதற்கு முன் அம்மா வாசலில் புள்ளி வைத்து முடித்து, இழை சேர்க்கக் குனிந்திருந்தார். பெட்ரோல் வண்டி என்றால் தெருமுனையிலேயே காது சொல்லிவிடும், ஒதுங்கிக்கொள்வார். இது வந்ததே தெரியவில்லை. டியூஷனுக்குப் போகிற பையன். சார்ஜ் மிச்சமாகட்டும் என்று விளக்கைப் போடவில்லை. அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. பையன் அழுதான். அவனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னதே அம்மாதான். அந்தப் பையன்மேல் எனக்கு இன்றும் கோபமில்லை.

காவல் நிலையத்தில் முதல் கேள்வி, “வண்டி நம்பர் சொல்லுங்கள்.” நம்பர் இல்லை. “இன்சூரன்ஸ்?” இல்லை. அந்த ஏட்டையா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “பேசி முடித்துக்கொள்ளுங்களேன் அம்மா” என்றார். பெட்ரோல் வண்டி இடித்திருந்தால் மூன்றாம் நபர் காப்பீடு இருக்கும், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இங்கே போக வேண்டிய இடம் அந்தப் பையனின் வீடு. போனோம். பேசினோம். மருத்துவச் செலவில் பாதியைக் கொடுத்தார்கள். மீதிப் பாதி அம்மாவின் பங்காம். இருட்டில் உட்கார்ந்திருந்ததற்கு.

“அப்படியானால் எல்லா மின்சார வண்டிகளையும் தடை செய்ய வேண்டியதுதானே” என்று கிளம்பியிருக்கும் கூட்டத்துக்கும் நான் ஆளில்லை. இவர்கள் பேட்டரி தீப்பிடித்த கதையையும் கையோடு எடுத்து வருகிறார்கள். 2022-ல் வண்டிகள் அடுத்தடுத்து எரிந்தன, தமிழ்நாட்டிலேயே உயிர்கள் போயின, உண்மை. அதன் பிறகு என்ன நடந்தது? பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை அந்த டிசம்பரிலும் அடுத்த மார்ச்சிலும் இரண்டு கட்டமாக இறுக்கினார்கள். மனம் இருந்தால் முடிகிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். கேரளத்தில் 2023-ல் மோட்டார் வாகனத் துறையினர் ஷோரூம்களுக்குள்ளேயே புகுந்து, இப்படி மாற்றி விற்ற வண்டிகளைப் பிடித்தார்கள். தெருவில் பையனைத் துரத்தவில்லை. கடைக்குப் போனார்கள். அதுதான் சரியான இடம்.

“பெட்ரோல் வண்டியில் பறக்கும் பையன்கள் மட்டும் யோக்கியமா?” யார் சொன்னது யோக்கியம் என்று? ஆனால் அங்கே சிறுவன் ஓட்டிக் குற்றம் செய்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவு இருக்கிறது. பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கிளிப்பைப் பிரித்த வண்டிக்கும் இது பொருந்தும் என்பதை அந்தத் தந்தை எந்த வக்கீலிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். சட்டம் தெரிந்தவராயிற்றே. விதியை மீறிய வண்டியை விற்கும் கடைக்காரருக்கும் வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று 182-ஏ பிரிவு சொல்கிறது. நம் ஊரில் யாராவது கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

“சாப்பாடு கொண்டுவரும் தம்பிகளின் வயிற்றில் அடிக்கிறாயா?” இந்தக் கேள்விக்கு மட்டும் நின்று பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது நியாயமான கேள்வி. லைசென்ஸ் எடுக்கக் காசும் நேரமும் இல்லாமல், பெட்ரோல் விலை கட்டுப்படியாகாமல், நாள் வாடகைக்கு இந்த மெதுவான வண்டியை எடுத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தம்பியை யாராவது இடித்தால், அல்லது அவன் யாரையாவது இடித்தால், அவனுக்கு யார் இருக்கிறார்கள்? பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் வேண்டும் என்று நாம் அழுத்துகிறோம், கம்பெனி அழுத்துகிறது, அவன் கிளிப்பைப் பிரிக்கிறான். காப்பீட்டைக் கம்பெனி கட்டட்டும். அவன் சம்பளத்தில் பிடிக்காமல்.

வயதானவர்களைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், முழங்கால் தேய்மானம். ரேஷன் கடைக்கும் கோவிலுக்கும் இந்த மெதுவான ஸ்கூட்டரில்தான் போவார். எல்லாச் சைக்கிளும் அவரை முந்தும். சார், அந்த விலக்கு உங்களுக்காகத்தான் எழுதப்பட்டது, அதை யாரும் தொட மாட்டார்கள். தொட வைப்பது இந்த நாற்பத்தைந்துக்காரர்கள்தான்.

ஐரோப்பாவை இழுத்து ஒருவர் எழுதியிருந்தார், “அங்கேயும் 250 வாட், 25 கிலோமீட்டருக்கு லைசென்ஸ் கிடையாது” என்று. பாதியைச் சொன்னீர்கள், மீதியையும் சொல்லுங்கள். அங்கே அந்தச் சலுகை பெடல் மிதிக்கிற சைக்கிளுக்கு. மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நிற்கும். முறுக்கினால் பறக்கிற ஸ்கூட்டருக்கு அல்ல. பிரிட்டனில் அந்தச் சைக்கிளையே 14 வயதுக்குக் கீழே ஓட்டக் கூடாது. இங்கே நம் விதியில் வயதே இல்லை. ஆறாம் வகுப்புப் பையன் முறுக்கினாலும், “இது மோட்டார் வாகனமே கிடையாது.”

நான் கேட்பது பெரிதல்ல. முறுக்கி ஓட்டும் எந்த வண்டிக்கும் ஒரு சிறிய நம்பர் பலகை. அந்த ஆசிரியருடைய வண்டிக்கும்தான். அதற்கு ஐம்பது ரூபாய் வாங்குங்கள், போதும். ஓட்ட 16 வயது. குறைந்த விலையில் காப்பீடு. கடையில் திடீர்ச் சோதனை. “இதிலும் லஞ்சம் வாங்குவார்கள்” என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, ரேஷன் அட்டைக்கும் அதையேதான் சொன்னீர்கள்.

ஆனால் எனக்கு உள்ளே அறுப்பது இவை எதுவும் இல்லை. அம்மாவுக்கு அடிபட்ட சமயத்தில் இதே பக்கத்தில் நான் எழுதியபோது, என் நட்புப் பட்டியலில் இருக்கும் ஒருவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறவர், “இந்த வயதில் ரோட்டில் உட்கார்ந்து கோலம் போட வேண்டுமா?” என்று கேட்டார். சிரிக்கும் பொம்மையும் போட்டிருந்தார். அந்த வாசல் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெருக்கித் தெளித்த வாசல். அப்போது தெருவில் ஒரு டிவிஎஸ் 50, இரண்டு சைக்கிள். பூக்காரம்மாளையும் இப்போது அதையேதான் கேட்கிறார்கள், “திருப்பத்தில் ஏன் நின்றாள்?” என்று. பூ விற்கிறவள் வேறு எங்கே நிற்பாள், மொட்டை மாடியிலா? வண்டி வைத்திருப்பவனுக்குத் தெரு, இல்லாதவனுக்கு ஓரம். அந்த ஓரமும் இப்போது இல்லை.

அம்மா இந்த மார்கழிக்குக் கோலம் போடவில்லை. கை சரியாகிவிட்டது, மருத்துவர் போடலாம் என்றுதான் சொன்னார். நான்தான் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினேன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம். மனு எழுதியாகிவிட்டது, எந்தக் கடைகளில் கிளிப் பிரித்துத் தருகிறார்கள் என்ற பட்டியலோடு. கையெழுத்துப் போட நினைக்கிறவர்கள் ஞாயிறு மாலைக்குள் வீட்டுக்கு வரலாம். அந்தத் தந்தையும் வரலாம், வண்டியின் சோதனைச் சான்றிதழோடு. “சைக்கிள் மாதிரிதானே மேடம்” என்று தொடங்குகிறவர்கள் மட்டும் கீழே எழுத வேண்டாம், அழித்துவிடுவேன்.