அந்தக் காந்தக் குண்டை உங்கள் பேரனுக்குத் தரமாட்டேன்

தர்மபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ் வைத்து வரிக்கணக்கு பார்க்கிறேன். லாரி வைத்திருப்பவர்கள், புளி வியாபாரிகள், மாங்கூழ் ஆலைக்குப் பழம் அனுப்புகிறவர்கள், கிரானைட் பாலிஷ் பட்டறைக்காரர்கள் என்று எதிர் நாற்காலியில் எப்போதும் யாராவது இருப்பார்கள். என் மேஜையில் கால்குலேட்டருக்குப் பக்கத்தில் 216 காந்தக் குண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, நிக்கல் பூச்சுப் பளபளப்பு. மூன்று வருடமாக அங்கேதான் இருக்கின்றன.

இந்த மூன்று வருடத்தில் "என்ன சார், இந்த வயசுல விளையாட்டு சாமான்?" என்று கேட்காத ஆளே கிடையாது. கேட்ட வாய் மூடுவதற்குள் கை நீளும். எடுத்தால் கீழே வைக்கமாட்டார்கள். உருட்டுவார்கள், பிய்ப்பார்கள், ஒட்டுவார்கள். சரி, தொட்டுப் பார்க்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. கிளம்பும்போது "ரெண்டு குண்டு குடுங்களேன், பேரன் விளையாடுவான்" என்பார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

போன மாதம் 20ஆம் தேதி. ஜி.எஸ்.டி.ஆர் 3பி என்ற மாத வரிக்கணக்கைப் போடக் கடைசி நாள். அதற்கான அரசு இணையதளம், அந்தப் போர்ட்டல், சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஒரு பழைய வாடிக்கையாளர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், பேரனோடு வந்தார். பையனுக்கு இரண்டரை வயது இருக்கும். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சிணுங்கியதும் அவர் மேஜையிலிருந்து ஐந்தாறு குண்டுகளை அள்ளி அவன் கையில் கொடுத்துவிட்டார். நான் திரும்பிப் பார்க்கும்போது ஒன்று உதட்டருகே போயிருந்தது. பாய்ந்து பிடுங்கினேன். பையன் வீறிட்டான். அண்ணா முகம் கறுத்துவிட்டது. "ஒரு குண்டுக்கு இவ்வளவு அல்பமா இருக்கியேப்பா" என்றார். ரிட்டர்ன் போட்டு முடித்ததும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார்.

அவர் போனதும் எண்ணினேன். 214.

ராத்திரி எட்டு மணிக்கு டார்ச்சை வைத்துக்கொண்டு தரையில் முட்டி போட்டுத் தேடினேன். ஒன்று இரும்பு பீரோவின் காலில் ஒட்டியிருந்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. அவருக்குப் போன் போட்டேன். "அண்ணா, பையன் ஏதாவது முழுங்கினானா? வாந்தி எடுத்தானா? வயிறு வலிக்குதுங்கறானா?" அவர் சிரித்தார். "புளியங்கொட்டையே முழுங்கியிருக்கான், காலைல வந்துரும்" என்றார். புளியங்கொட்டை வரும் அண்ணா, இது அப்படி வராது என்று சொல்லச் சொல்ல வைத்துவிட்டார். பத்தரை மணிக்குக் காத்திருப்போர் நாற்காலியின் இரும்புக் காலுக்கு உள்பக்கம் அந்தக் கடைசிக் குண்டு கிடைத்தது. அதுவரை நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை.

ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று கேட்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நாம் சின்ன வயதில் பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து, கறுப்பு வளையக் காந்தத்தை நூலில் கட்டி மண்ணில் இழுத்துக்கொண்டு திரிந்தோமே, அந்தக் காந்தம் வேறு. இது நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் சகாவா என்பவரும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சியாளர்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்களே, அந்த மாதிரி வண்டிகளின் மோட்டார்களில் பரவலாக இருப்பது இந்த வகைதான். வண்டியை ஓட்டுகிற பலம் உள்ள சரக்கைத்தான் மிளகளவுக்கு உருட்டி விற்கிறார்கள்.

ஒரே ஒரு குண்டு வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் மலத்தோடு வந்துவிடும். இரண்டோ அதற்கு மேலோ போனால்தான் பெரிய ஆபத்து. ஒன்று குடலின் ஒரு மடிப்பில் இருக்கும், மற்றது வேறொரு மடிப்பில். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக் குடல் சுவரை நடுவில் வைத்து நசுக்கும். அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. சுவர் அழுகி ஓட்டை விழும். இத்தனையும் நடக்கும்போது வெளியே தெரிவது வெறும் வயிற்று வலியும் வாந்தியும்தான். சூடு பிடித்துவிட்டது, வெளியில் தின்றது சேரவில்லை என்று வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். எக்ஸ்ரேவில் இரண்டு குண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்று போலத் தெரியவும் கூடும். நடு ராத்திரியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொப்பூர் கணவாயைத் தாண்டிச் சேலத்துக்கு ஓடுகிற நிலைமையை யோசித்துப் பார்த்துவிட்டு என்னை அல்பம் என்று சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெரிய வழக்கே நடந்தது. பக்கிபால்ஸ் என்ற பெயரில் 2009இல் இந்தக் குண்டுகள் சந்தைக்கு வந்தன. பெரியவர்களின் மேஜைக்கு, மன அழுத்தம் குறைய என்று சொல்லி விற்றார்கள். குழந்தைகள் முழுங்கினார்கள். பள்ளி மாணவர்கள் நாக்கில் வளையம் குத்திக்கொண்டது போலக் காட்ட மேலும் கீழும் ஒட்டிப் பார்த்து விழுங்கினார்கள். 2012இல் அந்த நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கம்பெனிமேல் வழக்குப் போட்டது. 2014இல் பலமான குண்டுகளுக்குத் தடை போன்ற விதி வந்தது, 2016இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2022இல் மறுபடி புதிய விதி. பெட்டிமேல் எச்சரிக்கை ஒட்டினால் மட்டும் போதாது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நம் ஊரில்? 14 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விளையாடும் பொருளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். என் பெட்டியில் அந்த முத்திரை இல்லை, பெரியவர்களுக்கு என்று போட்டிருக்கிறது. இதே குண்டை ஒரு ஆன்லைன் கடையில் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு என்று போட்டு, ஒரு சின்னப் பையன் சிரிக்கிற படத்தோடு விற்கிறார்கள். விற்கிறவனுக்கு வெட்கம் வேண்டாமா? கலர் கலராக வேறு அடித்து, ஜெம்ஸ் மிட்டாய் போலவே!

இன்னொரு கோபமும் இருக்கிறது, அதையும் கொட்டிவிடுகிறேன். அவ்வளவு ஆபத்தானதை நீ ஏன் வைத்திருக்கிறாய், இந்த வயதில் உனக்கு எதற்கு என்கிறார்கள். என் அப்பத்தா எழுபது வயதில் திண்ணையில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடினார். கோயில் மண்டபத் தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு செதுக்கி வைத்தது சின்னப் பிள்ளைகளா? வேலை செய்த கைக்கு ஏதாவது வேண்டும். எனக்கு முன்பு அது சிகரெட்டாக இருந்தது. போர்ட்டல் நின்றால் கீழே இறங்கி ஒன்று பற்றவைப்பேன், மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பத்து. இந்தக் குண்டுகள் வந்த பிறகு நான் மாடியிலிருந்து இறங்குவதில்லை.

அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், முதலில் அந்த 'டக்'. இரண்டு குண்டை அருகில் கொண்டுபோனால் கடைசி நூலளவு தூரத்தில் அவை தாமாகப் பாய்ந்து ஒட்டும் சத்தம். அப்புறம் அவற்றின் பிடிவாதம். ஒவ்வொரு குண்டுக்கும் வடக்கும் தெற்கும் உண்டு, கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். இரண்டு சரங்களைப் பக்கத்தில் வைத்தால், எதிர்த் திசையில் ஓடும் சரங்கள் குண்டுக்கு நேர் குண்டாக ஒட்டும். ஒரே திசையில் ஓடினால் அரைக் குண்டு தள்ளி, பள்ளத்தில்தான் உட்காரும். நாம் நினைத்தபடி வைக்க முடியாது. 216ஐயும் ஒரே சரமாக இழுத்து, ஆறாறாக மடித்துத் தகடாக்கி, ஆறு தகட்டை அடுக்கினால் கனசதுரம் வரும். ஒரு மடிப்பு தப்பினாலும் மொத்தமும் உருண்டு குழைந்துவிடும். முதல் தடவை கட்ட எனக்கு நான்கு நாள் ஆனது. இப்போது வாடிக்கையாளர் பில்லைத் தேடி எடுப்பதற்குள் கை தானாகக் கட்டுகிறது, கண் கணக்கில் இருக்கிறது. அந்த நேரத்தில் மனம் எவ்வளவு அமைதியாக இருக்கும் தெரியுமா? எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் செல்போனைத் தள்ளிக்கொண்டிருப்பவரை யாரும் இந்த வயசில் உனக்கு எதற்கு என்று கேட்பதில்லை. என்னை மட்டும் கேட்கிறார்கள்.

நான் பொறுப்பில்லாமல் வைத்திருக்கவில்லை. பேஸ்மேக்கர் என்ற இதயத் துடிப்புக் கருவி வைத்த பெரியவர் ஒருவர் வருவார், அதன் பக்கத்தில் காந்தம் போகக்கூடாது, அவர் படியேறும் சத்தம் கேட்டாலே எடுத்து உள் அறையில் வைத்துவிடுவேன். வீட்டுக்கு ஒரு குண்டுகூடக் கொண்டுபோனதில்லை, அங்கே தங்கை பிள்ளைகள் வந்து போகிறார்கள். அந்த 20ஆம் தேதிக்குப் பிறகு திருகு மூடி போட்ட டப்பா வாங்கி, குழந்தையோடு யார் வந்தாலும் முதலில் அதைப் பூட்டுக்குள் வைக்கிறேன். சாயங்காலம் கடை மூடுமுன் கனசதுரம் கட்டிப் பார்ப்பேன். ஒன்று குறைந்தாலும் மூலையில் பள்ளம் தெரிந்துவிடும்.

அண்ணா இந்த மாதம் வரவில்லை. கணக்கை வேறு இடத்தில் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. போகட்டும். பையன் நன்றாக இருக்கிறான் என்று அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நாளைக்கே வேறு ஒருவர் வந்து பேரனுக்கு ரெண்டு குண்டு கேட்டாலும் தரமாட்டேன். அவர் எடுத்தால் கையைப் பிடித்து வாங்குவேன்.