அமலையும் வெளிமானும் ஒண்ணாம்ல!

ஞாயித்துக்கிழமை தாமிரபரணி படித்துறையில அமலை, அதான் ஆகாயத்தாமரை, புடுங்கப் போனோம். அங்க நடந்தது வந்தவங்களுக்குத் தெரியும், முழுக்கதை சொல்லலை. "இந்த அமலையும் வல்லநாட்டு வெளிமானும் ஒண்ணுதாம்ல, ரெண்டும் வெள்ளாமை செய்யுற சம்சாரிக்குப் புடிச்ச சனியன், வேரோட புடுங்கணும்"னாரு அண்ணாச்சி. எல்லாரும் சிரிச்சாங்க. என் சித்தப்பா மவனும்தான்.

ஒண்ணு இல்ல அண்ணாச்சி. அமலை தென் அமெரிக்காவுல இருந்து பூ அழகா இருக்குன்னு கொண்டாந்த செடி, ரெண்டு வாரத்துல ரெண்டு மடங்காகும். வெளிமான், அதான் திருகு கொம்பு மான், ஒரு ஈத்துக்கு ஒரே குட்டி. இந்தியாவுல அது இயற்கையா வாழுற தெற்குக் கோடியே தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடுதான், 1987ல சரணாலயம் ஆக்குனாங்க, மொத்தமே 16 சதுர கிலோமீட்டர் சொச்சம். அமலைக்கு தாமிரபரணி பூரா கெடக்கு, இதுக்கு நம்ம பக்கத்துல அந்த ஒரு பொத்தைக் குன்றுதான். வனவிலங்குச் சட்டத்துல புலிக்கு இருக்க அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு இதுக்கும் இருக்கு, அதைப்போயி புடுங்கணும்னு சொல்லுதிய. (புள்ளிமான் சாதியே இல்ல, இது இரலை, திருகுன கொம்பு ஆயுசுக்கும் உதிராது. சொன்னா "வாத்தியாரு வந்துட்டாரு"ம்பாங்க.)

"டவுன்ல சம்பளம் வாங்குறவன் பேசுதான்"னு சொல்லுவிய. சொல்லுங்க. எங்கப்பா மானாவாரியில உளுந்து போட்டவருதான். ராத்திரி பூரா தகர டப்பாவைத் தட்டிக்கிட்டு காவல் கெடந்து, விடியக்காலம் வரப்புல மான் நிக்கதைப் பாத்து கல்லை எடுத்தவரு, பையக் கீழ போட்டுட்டு "குட்டி நிக்குல"ன்னாரு. அந்த வருசம் பாதி உளுந்துதான் வீடு வந்துச்சு, அம்மா ஏசுன ஏச்சு இன்னும் காதுல கெடக்கு. அதனால அந்தக் கோவம் எனக்குத் தெரியாததில்ல, நஷ்டஈடு மனு வேணும்னா நானே எழுதித் தாரேன். ஆனா ஒண்ணுன்னு மட்டும் சொல்லாதிய.

"செடியும் உயிர்தானே"ன்னு ஒரு தம்பி கேட்டாப்ல. நல்ல கேள்வி, இன்னைக்கு மூடு இல்ல.

சரி, அந்த அமலைதான் தானாவா வளந்துச்சு? ஆத்துல சாக்கடையத் திறந்து விட்டது மானா? நாமதானே ஊட்டி வளக்கோம். தண்டை நசுக்குனா டப்புனு வெடிக்கு, வேரு கருப்பு முடி மாதிரி கையில சுத்துது, மூணு மணி நேரம் இடுப்பளவு தண்ணியில நின்னு இழுத்தது யாரு? கரையில நின்னு ஊதாப்பூவை வச்சு செல்ஃபி எடுத்தது யாரு? பேரு சொல்லலை.

அண்ணாச்சி சொன்னதுகூடப் போவட்டும், அந்த உளுந்தங்கஞ்சியக் குடிச்சு என்கூட வளந்த பய சிரிச்சான் பாருங்க.

அடுத்த ஞாயிறும் வருவேன். என் பன்னருவாளை வாங்கிட்டுப் போனவிய கொண்டாந்து குடுத்தா நல்லது.