நாலாம் வரிசை, பதினோராவது கல்

போன மாதம் என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவரின் தகப்பனார் காலமாகிவிட்டார். குருநாகல் பக்கம் ஒரு சிங்களக் கிராமம். கொழும்பிலிருந்து வான் பிடித்து எல்லோருமாகச் செத்தவீட்டுக்குப் போனோம். பிரேதத்துக்குப் பின்னால் மயானத்துக்கு நடக்கையில் சந்தியில் ஒரு பஸ் தரிப்பிடம். சுவரில் சீருடையோடு ஒரு பெடியனின் படம், பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி. தென்னிலங்கைக் கிராமங்களில் இப்படி நிறையப் பார்த்திருப்பீர்கள். போரில் செத்த மகனின் நினைவாகக் கட்டிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் அதற்குள் இருந்து ஐஸ்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மயானத்தில் அந்தப் பெடியனின் கல்லறையும் இருந்தது. அதோடு இன்னும் இரண்டு இராணுவக் கல்லறைகள். எல்லோரும் குழியடியில் நிற்க, வயதான அம்மா ஒருவர் மட்டும் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போனா. கல்லின் மேல் கிடந்த காய்ந்த இலைகளைக் கையால் பொறுக்கினா. எழுத்துகளின் பள்ளத்தில் பாசி பிடித்திருந்தது. அதை நகத்தால் ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டினா. பிறகு, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பதுபோல, கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றா. வாய் மட்டும் அசைந்தது. “மகே புத்தா”, என் மகனே, என்றது எனக்குக் கேட்டது.

எனக்கு அந்த அம்மாவில் பொறாமை வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயைப் பார்த்துப் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று தெரியும். ஆனாலும் வந்தது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் என் பெரியம்மா இருக்கிறா. அவவுக்கும் ஒரு மகன் இருந்தான். 1993இல், பத்தொன்பது வயதில் செத்துப்போனான். யாழ்ப்பாணத்தில், புலிகள் தங்கள் போராளிகளை அடக்கம் செய்த கோப்பாய் துயிலும் இல்லத்தில் விதைத்தார்கள். “விதைத்தது” என்றுதான் அப்போது சொல்வார்கள். உடல் கிடைத்தவர்களுக்குக் கல்லறை, கிடைக்காதவர்களுக்கு நினைவுக்கல். தம்பிக்குக் கல்லறையே கிடைத்தது. அதைக்கூட ஒரு கொடுப்பினையாகச் சொல்லிக்கொண்டிருந்தா பெரியம்மா.

1995 கடைசியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது. படையினர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு அந்தத் துயிலும் இல்லம் உடைக்கப்பட்டது. 2002 சமாதான காலத்தில் திரும்பக் கட்டினார்கள். பெரியம்மா கொழும்பிலிருந்து ஏ-9 பாதையால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “நாலாம் வரிசை, வாசலிலிருந்து பதினோராவது கல்” என்றா. ஏதோ புது வீட்டு விலாசம் சொல்வதுபோல. போர் முடிந்த பிறகு, 2010இல், அதையும் புல்டோசர் வைத்து இடித்தார்கள். அந்தக் காணியிலேயே படையினரின் 51ஆவது டிவிஷன் தலைமையகம் எழும்பியது. 2011 மார்ச்சில் திறந்தார்கள். மாவீரர் நாளான கார்த்திகை (நவம்பர்) 27 அன்று தாய்மார் முகாமுக்கு முன்னால் நின்று சுடர் ஏற்றுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பெரியம்மாவுக்கு இப்போது அவ்வளவு தூரம் போக முழங்கால் விடாது. எங்கள் பல்கனியில் ஒரு சிட்டி விளக்கு.

பின்னூட்டத்தில் என்ன வரும் என்று தெரியும். “புலிகளைப் பெருமைப்படுத்தப் போகிறாயா?” இல்லை. அந்த இயக்கம் செய்ததையெல்லாம் நியாயப்படுத்த நான் எழுதவில்லை. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைக்கூடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதை மறந்துவிட்டுப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அப்படி இழுத்துக்கொண்டு போன பிள்ளையும் ஒரு துயிலும் இல்லத்தில்தானே கிடந்தது? அதன் கல்லை உடைத்து யாருடைய பெருமையைக் குறைத்தோம்? முதலில் இயக்கம் பறித்தது. பிறகு அரசாங்கம் பறித்தது. இரண்டு முறையும் கையை விரித்துக்கொண்டு நின்றது ஒரே தாய்.

செத்தவனை வைத்து அரசியல் செய்தால் என்ன நடக்கும் என்று கொழும்புத் தமிழருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1983 யூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அந்த உடல்களை அவரவர் ஊருக்கு அனுப்பியிருக்கலாம். தாய் தகப்பன் அழுது, ஊர் மயானத்தில் அடக்கம் செய்திருப்பார்கள். அரசாங்கம் அப்படிச் செய்யவில்லை. அடுத்த நாள் மாலை கொழும்பில், பொறளை கனத்தை மயானத்தில் 13 பேரையும் ஒன்றாகப் புதைப்பதாக முடிவெடுத்தது. ஆயிரக்கணக்கில் சனம் கூடியது. உடல்கள் வந்து சேரவில்லை. எங்கள் பிள்ளைகளை எங்களிடம் தாருங்கள் என்று உறவினர்கள் கேட்டார்கள். நேரம் போகப் போகக் கூட்டம் கொதித்தது. கடைசியில் கூட்டு அடக்கத்தை ரத்துச் செய்துவிட்டு, உடல்களை உறவினரிடமே கொடுப்பதென்று முடிவானது. அதை முதலிலேயே செய்திருந்தால்! கனத்தையிலிருந்து பொறளைக்குள் இறங்கிய கூட்டம் தமிழரின் கடைகளையும் வீடுகளையும் கொளுத்தத் தொடங்கியது. மற்றது உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது எட்டு வயது. அகதி முகாமில் அம்மாவின் சேலையில் வீட்டுப் புகை மணந்தது இன்னும் மூக்கில் இருக்கிறது. அதற்காக அந்த 13 பேரின் கல்லறைகளை இடி என்று யாராவது சொன்னால், குறுக்கே நிற்கும் முதல் ஆள் நானாக இருப்பேன்.

ஜேர்மனியில் கிராமத்து மயானங்களில் ஒரு குழிக்குக் காலக்கெடு உண்டு. இருபது, முப்பது வருடத்தில் காசு கட்டிப் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். போரில் செத்தவனின் குழிக்கு மட்டும் அந்தக் கெடு இல்லை. அவனை எக்காலமும் அசைக்கக்கூடாது என்பது சட்டம். அவர்களின் சிப்பாய்கள் எந்தக் கொடிக்குக் கீழே நின்று செத்தார்கள் என்று உலகத்துக்கே தெரியும். கொடியை விலக்கினார்கள், குழியை விட்டுவைத்தார்கள். இங்கிலாந்தில் கனொக் சேஸ் என்ற இடத்தில் ஏறத்தாழ 5,000 ஜேர்மன்காரரின் கல்லறைகள் இருக்கின்றன. லண்டனில் குண்டு போட்ட நாட்டின் ஆட்கள்! அங்கே புல்லு வெட்டுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? திருகோணமலையில், நிலாவெளி வீதியில், இரண்டாம் உலகப் போரில் செத்த வெளிநாட்டுச் சிப்பாய்களின் மயானம் இருக்கிறது. பெரியவன், சிறியவன், வெள்ளை, கறுப்பு என்று பாராமல் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல் என்பது அதைப் பராமரிக்கும் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழு 1917இல் தொடங்கிய புதிதிலேயே வகுத்துக்கொண்ட விதி. ஆபிரிக்க, இந்தியச் சிப்பாய்கள் எத்தனையோ பேருக்கு அவர்களே அந்த விதியை மீறினார்கள் என்று 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார்கள். நூறு வருடம் கழித்தென்றாலும் கேட்டார்கள். எங்கள் மண்ணில் யாரோ ஒரு ஆங்கிலத் தாயின் பிள்ளைக்கு இருக்கும் இடம், இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு இல்லை என்பதை நான் எப்படிப் பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்துவது?

கோப்பாய்க் காணியைத் திருப்பிக் கொடுங்கள். மற்றத் துயிலும் இல்லங்களின் காணிகளையும் கொடுங்கள். கொடி வேண்டாம், சின்னம் வேண்டாம் என்றால் அதைப் பேசித் தீர்க்கலாம். அந்தக் கிராமத்து அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில் நின்று இதைக் கேட்க எனக்குக் கூச்சமில்லை. காணாமற்போன சிப்பாய்களின் தாய்மாருக்கும், 2009இல் போர் முடியும்போது வெள்ளைக்கொடியோடு படையினரிடம் கையளித்த பிள்ளையைத் தேடும் தாய்மாருக்கும் அந்தக் கல்கூட இல்லை.

அந்த ஆங்கிலேயக் கல்லறைகளில் குடும்பம் விரும்பிய ஒரு வரியையும் செதுக்குவார்கள். இத்தனை எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு கணக்கும் உண்டு. குருநாகலிலிருந்து வந்த இரவு பெரியம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே இதைச் சொன்னேன். உங்களைக் கேட்டால் என்ன எழுதச் சொல்வீர்கள் என்றேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தா.

“இயக்கம் வச்ச பேரைப் பெரிசா வெட்டியிருந்தவங்கள். எனக்கு அது வாயில வரேல்ல, பிள்ளை. நான் வச்ச பேரைப் போடச் சொல்லு. அது போதும்.”