பதில் சொல்ல விருப்பமில்லையா, சும்மா இருங்கள்

லினக்ஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டிக்கான நம் குழுவில் நேற்று நடந்த கூத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையில் பார்த்தால், நேற்றுக் கேள்வி கேட்டுத் திட்டு வாங்கிய புதுப் பையன் அந்தக் கேள்வியையும் அழித்துவிட்டு, குழுவை விட்டும் போய்விட்டான். அதோடு விட்டார்களா? "களையெடுப்பு தானாகவே நடக்கிறது" என்று நம் பெரியவர் ஒருவர் தனிப்பதிவு போட, அதற்குக் கைதட்டல், சிரிப்புப் பொம்மைகள். ஸ்க்ரீன்ஷாட் எல்லாரிடமும் சுற்றிக்கொண்டிருக்கிறது, இங்கே மறுபடி ஒட்டப் போவதில்லை.

சொல்ல வருவது ஒன்றுதான். பதில் தெரியவில்லையா, சும்மா இருங்கள். தெரியும், ஆனால் நேரமில்லையா, அப்போதும் சும்மா இருங்கள். தெரியும், நேரமும் இருக்கிறது, ஆனால் புதிதாக வருகிறவனைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறதா, தயவுசெய்து ரொம்பவே சும்மா இருங்கள்.

அப்படி என்ன பெரிய பாவம் செய்துவிட்டான்? லினக்ஸிலிருந்து வந்தவன், மடிக்கணினியில் ஃப்ரீபிஎஸ்டி போட்டிருக்கிறான். வைஃபை வரவில்லை. வலைப்பின்னல் இணைப்புகளைக் காட்டும் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையை அடித்தால், கணினி தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் எல்ஓ0 மட்டும்தான் தெரிகிறது, வைஃபை கார்டையே காணோம், கார்டு போய்விட்டதா என்று கேட்டான். பதிப்பு எண் கொடுத்திருந்தான். கணினியின் மாடல் கொடுத்திருந்தான். திரையைப் படம் பிடித்தும் போட்டிருந்தான். நம் குழுவின் சராசரிக்கு இது தங்கமான கேள்வி.

பதிலும் சின்னதுதான். லினக்ஸில் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஏறினால் கார்டு தானாகவே பட்டியலில் வந்து நிற்கும். ஃப்ரீபிஎஸ்டியில் கார்டு வேறு, அதன் மேல் நாம் உருவாக்குகிற டபிள்யூலேன்0 என்ற வைஃபை இணைப்பு வேறு. 2016-இல் வந்த 11.0 பதிப்பிலிருந்து வைஃபை கார்டின் பெயரை ஐஎஃப்கான்ஃபிக் காட்டுவதே இல்லை. கார்டு நன்றாக இருந்தாலும் அங்கே தெரியாது. கணினியின் உள்விவரங்களைக் காட்டும் சிஸ்சிடிஎல் கட்டளையில் 'நெட்.டபிள்யூலேன்.டிவைசஸ்' என்று கேட்டால் பெயர் வரும். வந்துவிட்டால் கணினியின் அமைப்புகள் இருக்கும் ஆர்சி.கான்ஃப் கோப்பில் இரண்டு வரி, வைஃபையில் சேர்த்துவிடும் சப்ளிகன்ட் நிரலின் கோப்பில் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும், அவ்வளவுதான். பெயர் வரவில்லை என்றால் டிரைவரோ, கார்டுக்குள்ளேயே ஓடுகிற ஃபர்ம்வேரோ ஏறவில்லை. அப்போது கணினியில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் 'பிசிஐகான்ஃப்' கட்டளையின் வெளியீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இதைத் தட்டச்சு செய்ய ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

வந்த பதில்களைப் பார்த்தீர்கள்தானே. மேன் பக்கம் (கணினிக்குள்ளேயே இருக்கும் கையேடு) படி. ஹேண்ட்புக் (ஃப்ரீபிஎஸ்டியின் வழிகாட்டி நூல்) எதற்கு எழுதி வைத்திருக்கிறார்கள். உனக்கெல்லாம் உபுண்டுதான் (எளிய லினக்ஸ் வகை) லாயக்கு. ஒருவர் அவனுடைய எழுத்துப்பிழையைத் திருத்தினார், மொத்தத்தில் அவன் பெற்ற ஒரே உருப்படியான திருத்தம் அதுதான். இன்னொரு புண்ணியவான் அந்தப் பழைய நகைச்சுவையை எடுத்துவிட்டார்: கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையை, எல்லாக் கோப்புகளும் அடங்கிய வேர் அடைவில் ஓட்டிப் பார், எல்லாம் சரியாகிவிடும் என்று. ஆர்எம் கட்டளையே இன்று வேர் அடைவை அழிக்க மறுக்கும் அளவுக்கு நாகரிகம் கற்றுக்கொண்டது. இவர்கள்தான் பாக்கி.

நடுவில் ஒரு பெரிய விவாதம் வேறு. எந்த நிறுவனத்தின் கார்டு நல்லது, எது குப்பை, மடிக்கணினியில் ஃப்ரீபிஎஸ்டி போடுவதே தப்பா இல்லையா என்று. 1999-இல் ஃப்ரீபிஎஸ்டியின் அஞ்சல் குழுவிலேயே இப்படி ஒன்று நடந்தது. சில நொடிகள் காத்திருக்கச் செய்யும் ஸ்லீப் கட்டளைக்கு முழு எண்ணாக இல்லாத நொடிகளையும் கொடுக்கலாமா என்கிற சின்ன விஷயத்துக்கு ஆளாளுக்குக் கருத்துச் சொல்லிக் கிளம்பியதைப் பார்த்து, ஃப்ரீபிஎஸ்டி நிரலாளர் போல்-ஹென்னிங் காம்ப் சைக்கிள் கொட்டகைக்கு என்ன நிறம் அடிப்பது என்ற உதாரணத்தை வைத்து ஒரு கடிதம் எழுதினார். கால் நூற்றாண்டு தாண்டியும் நாம் அதே கொட்டகைக்குத்தான் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறோம். கேட்டவன் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

சரி, மேன் பக்கத்துக்கு வருகிறேன். நான் மேன் பக்கத்துக்கு எதிரி இல்லை. பிஎஸ்டிகளின் (ஃப்ரீபிஎஸ்டியும் அதன் உறவுகளும்) மேன் பக்கங்கள் போல வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு டிரைவரைப் பற்றி நான்காம் பிரிவு, கோப்பின் வடிவம் பற்றி ஐந்தாம் பிரிவு, நிர்வாகக் கட்டளைகளுக்கு எட்டாம் பிரிவு என்று வகை பிரித்து, இணையமே இல்லாவிட்டாலும் கணினிக்குள்ளேயே இருக்கிறது. ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் ஆவணத்தில் தவறு இருந்தால் அதையும் பிழையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் நன்று. ஆனால் மேன் பக்கத்தைத் திறக்க அந்தப் பக்கத்தின் பெயர் தெரிய வேண்டுமே! தன் கார்டுக்கான டிரைவர் ஐடபிள்யூஎல்வைஃபை என்றே தெரியாதவன் எந்தப் பக்கத்தைத் திறப்பான்? எழுத்துக்கூட்டத் தெரியாதவனிடம் அகராதியைப் பார் என்று சொல்வதுதான் இது. அப்ரோபோஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது, சொல்லைக் கொடுத்தால் பக்கங்களைத் தேடித் தரும் என்று யாராவது ஒருவர் அவனிடம் சொன்னீர்களா? எந்தப் பக்கம், எந்தப் பகுதி என்று காட்டிவிட்டு "படி" என்றால் அது உதவி. வெறுமனே "படி" என்றால் அதற்குப் பெயர் உதவி இல்லை. அதற்குப் பதில் சும்மா இருக்கலாம்.

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று சிலர் உள்பெட்டியில் கேட்டார்கள். சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறு பதிப்பு மேம்படுத்தலுக்குப் பிறகு என் கணினியில் திரை கறுத்துப்போனது. டெர்மினல் வருகிறது, வரைகலை வரவில்லை. வெளியீட்டுக் குறிப்பு, மேம்படுத்தும் முறை எல்லாவற்றையும் படித்துவிட்டு, என்னென்ன செய்து பார்த்தேன் என்று விவரமாக எழுதித்தான் கேட்டேன். முதல் பதில், "குறிப்புகளைப் படித்தீர்களா?" படித்தேன் ஐயா என்றேன். "அப்படியென்றால் ஒழுங்காகப் படிக்கவில்லை." அதற்குப் பத்துப் பேர் விருப்பக்குறி. அலுவலக வேலை அந்தக் கணினியில்தான். இரவு முழுக்க அந்தக் கறுப்புத் திரையை வெறித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த விருப்பக்குறிகள் எப்படி இருந்திருக்கும்?

மறுநாள், முன்பின் தெரியாத ஒருவர் தனிச்செய்தி அனுப்பினார். எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு, எந்த வரைகலைச் சில்லு, டிமெசேஜில் (கணினி காட்டும் செய்திகளின் பதிவு) கடைசி வரிகள் என்ன என்று கேட்டார். கொடுத்தேன். டிஆர்எம்-கேமாட் என்ற வரைகலை டிரைவர் தொகுப்பு இன்னும் பழைய பதிப்பின் கெர்னலுக்காகக் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கட்டப்பட்டதாகத்தான் இருக்கும், போர்ட்ஸிலிருந்து (மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டும் தொகுதி) நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், தொகுப்புக் களஞ்சியம் புதிய பதிப்புக்கு மாறியதும் சரியாகிவிடும் என்றார். கட்டினேன், திரை வந்தது. அவ்வளவுதான் விஷயம். நன்றி சொன்னபோது, இதை எங்காவது எழுதிப் போடுங்கள், அடுத்தவருக்கு உதவும் என்று மட்டும் சொன்னார். எழுதிப் போட்டேன். இன்றும் அதைப் பார்த்து யாராவது செய்தி அனுப்புகிறார்கள்.

"ஒழுங்காகப் படிக்கவில்லை" என்று சொன்னவர் யார் தெரியுமா? நேற்றைக்குக் களையெடுப்புப் பதிவு போட்டவரேதான். நான் களையாகாமல் தப்பித்தது அவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

இனி வழக்கமான பல்லவிகள் வரும், தெரியும். "இங்கே எல்லாரும் தன்னார்வலர்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது." அதைத்தானே நானும் சொல்கிறேன்! சம்பளம் இல்லை, கட்டாயம் இல்லை, மேலதிகாரி இல்லை. பதில் எழுதாவிட்டால் உங்களை யாரும் கேட்கப் போவதில்லை. அப்படியிருக்க, நேரம் ஒதுக்கி, விரல் நோகத் தட்டச்சு செய்து, ஒருவனை அவமானப்படுத்துவதுதான் உங்கள் தன்னார்வமா? மூலநிரல் எழுதுகிறவர்கள், போர்ட்ஸ் பராமரிக்கிறவர்கள் களைத்துப்போயிருக்கிறார்கள், அவர்கள் எரிந்து விழுந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். நேற்று எரிந்து விழுந்தவர்களில் ஒருவராவது ஒரு போர்ட்டைப் பராமரிக்கிறாரா?

"கேள்வியே ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லை." இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. "வேலை செய்யவில்லை, அவசரம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து எனக்கும் தலைவலி வந்திருக்கிறது. பதிப்பு, வன்பொருள், செய்தது, வந்த பிழைச்செய்தி, இந்த நான்கும் இல்லாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பையன் எல்லாம் கொடுத்திருந்தானே? இன்னொன்று. கேள்வி கேட்பது எப்படி என்று 2001 முதல் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த நீண்ட கட்டுரையின் இணைப்பை எடுத்து எல்லார் முகத்திலும் வீசுகிறீர்களே, அதைக் கடைசி வரை படித்திருக்கிறீர்களா? பதில் சொல்கிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் அதிலேயே ஒரு பகுதி இருக்கிறது. மென்மையாகப் பேசு என்றுதான் அது தொடங்குகிறது. கையேட்டைப் படி என்று மற்றவருக்குச் சொல்கிறவர்கள் தங்களுக்கான கையேட்டைப் படிப்பதில்லை.

"ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது." வரட்டும்! ஒரே இடத்தில் எல்லாரும் தடுக்கி விழுந்தால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் பல ஆண்டுகளாக, நிறுவும்போது வைஃபை வரவில்லை என்று கேட்காத புதியவரே கிடையாது. கட்டற்றதல்லாத (யாரும் மாற்றிப் பகிர உரிமை தராத) ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் வைப்பதில்லை என்பது அப்போது அவர்கள் கொள்கை. அந்த ஃபர்ம்வேர் உள்ள நிறுவல் கோப்பு வேறு ஒரு மூலையில் இருக்கும், அது தெரியாமல் கேட்டவர்களுக்கு எத்தனை வசவு! கடைசியில் 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வக் கோப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். அந்தக் கொள்கை சரியா தப்பா என்பது வேறு சண்டை, அதற்குள் போகவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகள் "முட்டாள் கேள்வி" என்று நாம் விரட்டியது பிழை அறிக்கையைத்தான்.

"நாங்கள் எல்லாம் இப்படி அடிபட்டுத்தான் கற்றோம்." வாழ்த்துகள்.

"சாட்பாட்டிடம் கேட்கட்டும்." கேட்பார்கள், கேட்கிறார்கள். அது திட்டுவதில்லை அல்லவா? ஃப்ரீபிஎஸ்டி என்று தெளிவாகச் சொன்ன பிறகும் லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையை ஓட்டு என்று சிரித்த முகத்தோடு சொல்லும். அப்படி ஒரு கட்டளையே இங்கே கிடையாது என்று புதியவனுக்கு எப்படித் தெரியும்? அங்கே கிடைத்த நல்ல பதிலும் அவனோடு போய்விடும், அடுத்தவன் தேடினால் கிடைக்காது. மனிதர்கள் பொதுவில் கேட்டு, மனிதர்கள் பொதுவில் சொன்னதால்தான் இன்று நாம் எதைத் தேடினாலும் ஏதோ ஒரு பழைய பதில் அகப்படுகிறது.

லினக்ஸே அப்படி வந்ததுதான். 1991 ஜூலை 3 அன்று ஹெல்சிங்கியில் ஒரு மாணவர், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் விதிகள் எங்கே கிடைக்கும், கணினியில் படிக்கிற வடிவில் இருந்தால் நல்லது என்று மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்களுடைய செய்திக்குழுவில் கேட்டார். லினஸ் டோர்வால்ட்ஸ்தான். அந்த விதிகள் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. நம் ஆட்கள் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. நல்லவேளை, அரி லெம்கே என்று ஒருவர் அந்தக் கேள்வியைப் பார்த்துத் தொடர்புகொண்டு, பிறகு தன் எஃப்டிபி (கோப்புகளைப் பகிரும்) சேவையகத்தில் இடமும் ஒதுக்கிக் கொடுத்தார். லினக்ஸ் என்ற பெயரில் அங்கே அடைவு திறந்ததும் அவர்தான். கடுமையாக இருந்தால்தான் தரம் நிற்கும் என்பவர்கள் இதே டோர்வால்ட்ஸைத்தான் துணைக்கு அழைப்பார்கள். அவரே 2018 செப்டம்பரில் தன் நடத்தைக்குப் பொதுவில் மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். நம் குழுவில் யாரும் இன்னும் அவ்வளவு பெரிய ஆளாகவில்லை போலிருக்கிறது.

இதில் வேடிக்கை, நம் ஆட்களின் நிரந்தரப் புலம்பல் என்ன? "பயனர் குறைவு, அதனால் வன்பொருள் நிறுவனங்கள் நம்மை மதிப்பதில்லை." ஃப்ரீபிஎஸ்டி அறக்கட்டளை 2024-இல் மடிக்கணினி ஆதரவுக்கென்றே தனித் திட்டம் தொடங்கி, வைஃபைக்கும் ஆள் போட்டு, பணம் செலவழித்து வேலை செய்துகொண்டிருக்கிறது. யாருக்காக? மடிக்கணினியில் வைஃபை வரவில்லை என்று வந்து நிற்கிறவனுக்காகத்தானே? அவனை நாம் வாசலிலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறோம். உண்மையைச் சொல்லப்போனால் சிலருக்குக் கூட்டம் சேர்வதே பிடிக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் இவர்களுக்கு என்ன மிஞ்சும்?

யாராவது அவனுக்கு நண்பராக இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள். கார்டின் பெயர் அந்தச் சிஸ்சிடிஎல் கட்டளையில் வரவில்லை என்றால், ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங்கை (கைப்பேசியின் இணையத்தைப் பகிர்வது) இயக்கி, ஐஎஃப்_யூஆர்என்டிஐஎஸ் கெர்னல் கூறை ஏற்றினால் யூஇ0 என்று ஒரு இணைப்பு வரும். அதில் முகவரி வாங்கித் தரும் டிஹெச்கிளையன்ட் கட்டளையை ஓட்டினால் இணையம் கிடைக்கும். பிறகு எஃப்டபிள்யூகெட் கட்டளை கார்டுக்கான ஃபர்ம்வேரை இறக்கிக்கொள்ளும். சிக்கினால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அந்தக் குழுவில் நான் இனிப் பதில் எழுதுவதாக இல்லை. அட்மின் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் மேல் வருத்தம் உண்டு, அதை மறைக்கவும் போவதில்லை. ஐஎஃப்கான்ஃபிக்கில் வைஃபை கார்டு தெரியாது, பயப்படாதே என்று ஹேண்ட்புக்கின் வைஃபை பகுதியில் தொடக்கத்திலேயே எடுப்பாக ஒரு வரி வைக்கச் சொல்லி பிழைகளைப் பதிவுசெய்யும் பக்சில்லா தளத்தில் கோரிக்கை போடப்போகிறேன். அதற்கும் பதில் வராமல் போகலாம். ஆனால் அங்கே ஒரு எண்ணாவது கொடுப்பார்கள்.