காசு கொடுத்து விளம்பரம் பார்த்த கதை

சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, இரவு பஸ்ஸில் முதுகு ஒடியப் பெங்களூரு போய், ஒரு பெரிய நிரலாக்க மாநாட்டில் நான் கேட்டது என்ன தெரியுமா? விளம்பரம். பகல் முழுக்க விளம்பரம்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பெருங்கூட்டத்துக்குத் தயார்செய்வது எப்படி என்று ஒரு தலைப்பு. நான் அன்றாடம் மல்லுக்கட்டும் விஷயம் என்பதால் ஓடிப்போய் இடம் பிடித்தேன். பேச வந்தவர், தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். உடனே, "இந்தத் தலைவலியெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்று தன் நிறுவனத்தின் கிளவுட் சேவைக்குத் தாவிவிட்டார். அடுத்த ஸ்லைடு விலைப்பட்டியல்! போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி பிராசஸ் தொடங்குமே, ஆயிரக்கணக்கில் இணைப்பு வந்தால் நினைவகம் என்னாகும் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. "எங்கள் ஸ்டாலுக்கு வாருங்கள், பேசலாம்" என்று பதில் வந்தது. ஸ்டாலில் பேசுவதற்கு மேடை எதற்கய்யா?

அந்த ஸ்டாலில் வாய் திறக்குமுன் கழுத்திலிருக்கும் அட்டையை ஸ்கேன் செய்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகும், "சார், டெமோ பார்க்க நேரம் இருக்குமா?" என்று போன் வந்துகொண்டே இருக்கிறது.

உருப்படியாக நிரல் காட்டியவர் ஒருவர் உண்டு. கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்து, ஒரே திரையில் ஒரு முழுக் கோப்பு. "பின்னால் தெரிகிறதா?" என்று கேட்டார். "இல்லை" என்று அரங்கமே கத்தியது. "பரவாயில்லை" என்று அடுத்ததற்குப் போய்விட்டார்.

ஸ்பான்சர் இல்லாவிட்டால் அரங்க வாடகை யார் தருவது என்பார்கள். தரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அமெரிக்காவில் நடக்கும் பைத்தான் மொழி மாநாடான பைகானில் ஸ்பான்சர் பேச்சுகளுக்குத் தனிப்பிரிவே இருக்கிறது. விரும்பியவர் தெரிந்தே போகலாம். பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கும் திறமூல மென்பொருள் மாநாடான ஃபாஸ்டெமுக்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. அறை நிரம்பினால் கதவைச் சாத்திவிடுவார்கள், அது ஒரு எரிச்சல்தான். ஆனால் பேச்சுகளின் வீடியோ இலவசமாகக் கிடைத்துவிடும். இங்கே பணமும் வாங்கிக்கொண்டு, சரக்கையும் நம் தலையில் கட்டுகிறார்கள்.

காபி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், போஸ்ட்கிரெஸ் இணைப்புகளை நிர்வகிக்கும் பிஜிபவுன்சர் என்ற மென்பொருள் ஒவ்வொரு டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் இணைப்பைத் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும் விதத்தைக் காகிதக் கைக்குட்டையில் படம்போட்டு விளக்கினார். கொடுத்த காசுக்குக் கிடைத்த பாடம் அது ஒன்றுதான். அவரை ஏன் மேடையேற்றவில்லை?

கடைசியில் கருத்துப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். எந்த ஸ்பான்சரின் தயாரிப்பு உங்களைக் கவர்ந்தது? கட்டாயக் கேள்வி. 'எதுவும் இல்லை' என்று தேர்ந்தெடுக்க வழியே இல்லை.