ஸ்வயம் பாடங்களால் முழுப் பட்டம் கிடைக்குமா?
‘மத்திய அரசின் ஸ்வயம் இணையவழிப் பாடத் தளத்தில் இலவசமாகப் படித்தே முழுப் பட்டமும் வாங்கிவிடலாம், கல்லூரி தேவையில்லை’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியில்லைங்க.

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 விதிமுறைப்படி, ஒரு பருவத்தில் ஒரு பட்டப்படிப்புக்கான பாடங்களில் அதிகபட்சம் 40 சதவீதத்தைத்தான் ஸ்வயம் வழியாக எடுக்கலாம். முந்தைய 2016 விதியில் இது 20 சதவீதம். உயர்த்தியதைத்தான் யாரோ ‘முழுசும்’ என்று புரிந்துகொண்டார்கள் போல. மீதிப் பாடங்களைக் கல்லூரியில்தான் படிக்க வேண்டும், பட்டம் தருவதும் பல்கலைக்கழகமே. வீடியோ பார்ப்பது இலவசம்தான், ஆனால் சான்றிதழ் தேர்வுக்குக் கட்டணம் உண்டு.

யுஜிசி இணையதளத்தில் விதிமுறைகள் பகுதியில் ‘ஸ்வயம் 2021’ அரசிதழ் அறிவிக்கையைத் திறந்து பாருங்கள். சேருவதற்கு முன், எந்தப் பாடத்துக்கு கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி) தருவார்கள் என்று உங்கள் துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.